மூன்று இசைத்தட்டுகளும் ஒரு கஞ்சாச் சுருட்டும்

ஒரு கஞ்சாச் சுருட்டின் விலை என்ன என்று கேட்டால், சந்தை நிலவரம் அறிந்தவர்கள் ஏதேனும் ஒரு சில்லறைத் தொகையைச் சொல்லுவார்கள். 1969-ம் வருஷத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்துச் சர்க்கார் அதற்கு வேறு விலை கட்டிற்று. ஒரே ஒரு சுருட்டைக் கையில் வைத்திருந்ததாக ராக்கி எரிக்ஸன் என்ற பாடகரைப் போலீஸார் பிடித்தனர். அவருக்கு அப்பொழுது வயது 22-க்கு மேல் இராது. பத்து வருஷச் சிறைவாசம் நேரிடுமென்று அஞ்சிய நிலையில், அவருக்குப் புத்தி சுவாதீனமில்லை என்ற வாதம் அவர் சார்பில் கோர்ட்டில் சொல்லப்பட்டது. கோர்ட்டார் வாதத்தை ஏற்றுக்கொண்டனர். அதன் பலனாக, கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் குற்றம் புரிந்த பைத்தியங்களை அடைத்து வைக்கும் ஆஸ்பத்திரி. 1972-ம் வருஷம் வரையில் அவருக்கு விடுதலை கிட்டவில்லை.

இந்த எரிக்ஸன் யார்? "தெர்ட்டீன்த் ப்ளோர் எலிவேட்டர்ஸ்" என்ற இசைக் குழுவின் தலைமைப் பாடகர். 1966-ம் வருஷத்துக்கும் 1969-ம் வருஷத்துக்கும் இடையில் அக்குழுவினர் வெளியிட்ட இசைத்தட்டுகளை மேனாட்டுச் சங்கீத விமர்சகர்கள் இன்றும் மரியாதையுடன் குறிப்பிட்டு வருகிறார்கள். அத்தட்டுகளின் தன்மையையும், அவற்றைப் படைத்தவர்களுக்கு நேர்ந்த கதியையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பது நம் நோக்கம். பாட்டைப் பற்றிய விஷயந்தானே என்று அரசியல் அன்பர்கள் இதைத் தள்ளிவிடலாகாது. சட்டம், வியாபாரம், லாகிரி ஆகிய மூன்றும் ஒரு கலைஞனுடைய கழுத்தில் சேர்ந்து விழுந்தால் என்னவாகும் என்பதற்கு இது ஒரு நல்ல திருஷ்டாந்தம்.

கொட்டகையில் பிறந்த சங்கீதம்

1964-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவுக்குச் சென்று வந்த பிறகு, அந்நாட்டின் ஊர்கள்தோறும் வாலிபர்கள் நாலைந்து பேராகக் கூடிக் குழுக்கள் அமைத்தார்கள். மின்சார கிடார் இரண்டு, தாழ்ந்த சுருதிக்கு ஒரு கிடார், ஒரு முரசுத் தொகுதி, பாடுவதற்கு ஒரு குரல், இவ்வளவே மூலதனம். ஒத்திகைக்கு இடம் வீட்டு மோட்டார்க் கொட்டகை. கொட்டகையை அங்கே காரேஜ் என்பார்களாதலால், இவ்விசைக்குப் பிற்காலத்தில் "காரேஜ் ராக்" என்ற பெயர் நிலைத்தது. வித்துவத் தன்மையை இதில் தேடுவது வீண். மூன்று நான்கு ஸ்வரக் கூட்டுகளை வைத்துக்கொண்டு, ஆவேசத்தை முதலாகப் போட்டு நடத்திய சங்கீதம் அது. பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு தட்டுகளோடு மறைந்தன.

டெக்ஸாஸின் தலைநகரான ஆஸ்டினில் 1965-ம் வருஷக் கடைசியில் எலிவேட்டர்ஸ் குழு உருவாயிற்று. 1947-ல் டல்லாஸ் நகரில் பிறந்த எரிக்ஸன், அதற்கு முன் "ஸ்பேட்ஸ்" என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். ஸ்டேஸி ஸதர்லாண்டு கிடார் வாசித்தார். ஜான் ஐக் வால்ட்டன் முரசு வாசித்தார். தாழ்சுருதிக் கிடாரை முதலில் பென்னி தர்மனும், பின்னர் ரானி லெதர்மனும் ஏற்றனர். இவர்களை ஒன்றுசேர்த்து, பாட்டுக்களுக்குச் சொல்லும் பொருளும் கொடுத்தவர் டாமி ஹால் என்பவர். அக்குழுவின் ஆசாரியர் என்றே அவரைச் சொல்லலாம்.

குழுவின் பெயருக்கு "பதின்மூன்றாவது மாடியின் லிப்டுகள்" என்று பொருள். 13 என்ற எண்ணை அபசகுனமாகக் கருதி, பல அமெரிக்கக் கட்டடங்களில் பன்னிரண்டாவது மாடிக்கு அடுத்ததைப் பதினான்காவது என்று எண்ணிவிடுவது வழக்கம். ஆகவே, இல்லாத மாடிக்கு ஏற்றிச் செல்லும் லிப்டு இது. ஆங்கில நெடுங்கணக்கில் பதின்மூன்றாவது எழுத்து 'எம்' என்பதும், அது கஞ்சாவைக் குறிக்கும் மரிஹுவானா என்ற சொல்லின் முதலெழுத்து என்பதும் பலர் எடுத்துக்காட்டும் விஷயங்கள். பெயரிலேயே வம்பை வைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் என்று கொள்ளலாம்.

குடத்தின் குரல்

டாமி ஹால் வாசித்த வாத்தியம் ஒரு ஜாடி. நம்மவர் கடத்தைத் தட்டி வாசிப்பதுபோல் அவர் அதைத் தட்டவில்லை. ஜாடியின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அதனுள் தம் குரலால் விரைந்து ஓசை எழுப்புவார். நீருக்குள் புறா குமுறுவதைப்போன்ற ஓர் ஒலி பாட்டின் அடியில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஜாடி ஊதுவது அமெரிக்க நீக்ரோ மக்களின் பழைய நாட்டுப்புற வழக்கம். அதை மின்சாரத்தோடு கூட்டியது ஹாலின் புதுமை. முதன்முறை கேட்போருக்குத் தட்டில் ஏதோ பழுது இருப்பதாகவே தோன்றும். இரண்டாம் முறை கேட்டால், அவ்வொலியில்லாமல் அப்பாட்டு நிற்காது என்பது விளங்கும்.

இக்குழு தம் இசைக்குச் சூட்டிக்கொண்ட அடைமொழி "ஸைகடெலிக்" என்பது. மனத்தை வெளிப்படுத்துவது என்ற கருத்தில், கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஹம்ப்ரி ஆஸ்மண்டு என்ற மனோவைத்தியர் 1956-ம் வருஷத்தில் அமைத்த பதம் அது. எல். எஸ். டி. முதலிய மருந்துகளின் விளைவைக் குறிக்க அவர் அதை ஏற்படுத்தினார். அம்மருந்தை உட்கொண்டு, அதன்மூலம் கிட்டும் அனுபவத்தைப் பாட்டில் வார்க்க வேண்டும் என்பது ஹாலின் கொள்கை. மேடையேறுமுன் எல்லோரும் அதை உட்கொள்ள வேண்டுமென்று அவர் வற்புறுத்தியதாகக் குழுவின் சரித்திரம் கூறுகிறது. வால்ட்டனுக்கு அதில் விருப்பமில்லை. பிற்காலப் பிளவின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

முதல் தட்டு

"யூ ஆர் கோன்னா மிஸ் மீ" என்ற பாட்டை எரிக்ஸன் பழைய குழுவிலேயே பாடி வந்தார். 'என்னை இழந்தோமே என்று நீ ஏங்கத்தான் போகிறாய்' என்பது அதன் கருத்து. பிரிந்து செல்லும் காதலன் எச்சரிப்பதாக அமைந்த மிகச் சாதாரணமான விஷயம். ஆயினும், எரிக்ஸனுடைய கூக்குரலும், வாய் ஆர்மோனியத்தின் சீறலும், ஜாடியின் குமுறலும் சேர்ந்து அந்தச் சாதாரண விஷயத்தை அசாதாரணமாக்கிவிட்டன. 1966-ல் அத்தட்டு அமெரிக்கப் பத்திரிகையான பில்போர்டின் வரிசையில் 55-வது ஸ்தானம் வரையில் ஏறிற்று. அக்குழுவினர் தேசமளவில் கண்ட பெரிய வெற்றி இதுவே.

அவ்வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்று பாடினார்கள். டிக் கிளார்க் நடத்திய டெலிவிஷன் நிகழ்ச்சியிலும் தோன்றினார்கள். குழுவின் தலை யார் என்று கிளார்க் வினவ, தாங்கள் அனைவருமே தலைகள்தாம் என்று ஹால் பதில் சொன்னார். லாகிரி உட்கொள்பவர்களுக்கு அக்காலக் கொச்சையில் 'தலை' என்று பெயர். தேசமெங்கும் பார்க்கும் நிகழ்ச்சியில் இப்படிப் பேசியது சாமர்த்தியமா, அசட்டுத் துணிச்சலா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

1966 அக்டோபரில் டல்லாஸில் விரைவாகப் பதிவாகி, அவ்வருஷமே வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு "தி ஸைகடெலிக் சவுண்ட்ஸ் ஆப் தி தெர்ட்டீன்த் ப்ளோர் எலிவேட்டர்ஸ்" என்று பெயர். ஸைகடெலிக் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய முதல் சில இசைத்தட்டுகளில் இது ஒன்று. அட்டையின் பின்புறத்தில் ஹால் ஒரு சிறு வியாசமே எழுதிவிட்டார். அரிஸ்டாட்டிலின் தர்க்க முறை மனிதனுடைய அறிவைக் கூறுகூறாக்கிச் சிறைப்படுத்திவிட்டது. அதிலிருந்து விடுபட வேண்டும் என்பது அவ்வியாசத்தின் சாரம். பாட்டுக்கள் ஒவ்வொன்றும் அந்த யாத்திரையின் ஒவ்வொரு படி. ஆனால், குழுவினர் வகுத்த வரிசையைக் கம்பெனியார் மாற்றிவிட்டனர். ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு முன்னால் வந்துவிட்டது, யாத்திரை தலைகீழாயிற்று.

பதினொரு பாட்டுக்கள் கொண்ட இத்தட்டில் கரடுமுரடு மிகுதி. "ரோலர் கோஸ்டர்" என்ற பாட்டு ராட்டினத்தைப்போல் தாழ்ந்தெழுந்து செல்லுகிறது. "ரிவெர்பரேஷன்" என்பதில் ஸதர்லாண்டின் கிடார் எதிரொலியில் மூழ்கி, நீண்ட சுரங்கத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. இவற்றுக்கிடையில் "ஸ்ப்ளாஷ் ஒன்" என்ற மெல்லிய பாட்டு ஒன்று உண்டு. ஹாலின் மனைவி கிளமெண்டைனும் எரிக்ஸனும் சேர்ந்து இயற்றியது. கூச்சலிடத் தெரிந்த வாலிபனுக்கு உருகவும் தெரியும் என்பதை அது காட்டுகிறது. பவல் ஸெயிண்ட் ஜான் என்ற நண்பர் எழுதிய பாட்டுக்களும் இதில் சேர்ந்துள்ளன.

எங்கும் ஈஸ்டர்

1967-ம் வருஷத்தின் நடுவில் வால்ட்டனும் லெதர்மனும் விலகினர். டானி தாமஸும் டான் கலிண்டோவும் அவர்கள் ஸ்தானத்துக்கு வந்தனர். அவ்வருஷக் கடைசியில் வெளிவந்த "ஈஸ்டர் எவ்ரிவேர்" என்ற இரண்டாவது தட்டுத்தான் இக்குழுவின் சிறந்த படைப்பு என்பது நம் அபிப்பிராயம். 'எங்கும் ஈஸ்டர்' என்பது தலைப்பின் பொருள். கிறிஸ்து உயிர்த்தெழுந்த திருநாள் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வருவதன்று. விழிப்புற்ற மனிதனுக்கு எந்நாளும் எவ்விடமும் அதுவே என்ற எண்ணம் அதில் தொனிக்கிறது.

முதற்பாட்டாகிய "ஸ்லிப் இன்ஸைட் திஸ் ஹவுஸ்" எட்டு நிமிஷம் நடக்கிறது. கடைகளில் ஓடும் பாட்டுக்கள் மூன்று நிமிஷத்தைத் தாண்டாத காலம் அது. ஒரே கிடார்ச் சுழற்சி மாறாமல் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் எரிக்ஸன் அடர்ந்த சொற்களை ஜபம்போல் அடுக்கிக்கொண்டே செல்கிறார். கீழ்நாட்டு ஞானமும், கிறிஸ்தவக் குறிப்புகளும், ஹாலின் சொந்தத் தத்துவமும் அதில் கலந்து கிடக்கின்றன. எல்லாம் தெளிவாக விளங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனால், தேடும் மனத்தின் தாகம் அதில் மெய்யானது. பாப் டிலன் இயற்றிய "பேபி ப்ளூ" பாட்டை இவர்கள் மெதுவான சோக கீதமாக மாற்றிப் பாடியிருக்கிறார்கள். "டஸ்ட்" என்பதும், கிளமெண்டைனும் எரிக்ஸனும் சேர்ந்து இயற்றிய "ஐ ஹாட் டு டெல் யூ" என்பதும் அடங்கிய குரலில் பாடப்பட்டவை. அவற்றைக் கேட்டவர்கள் எரிக்ஸனை வெறும் கூச்சல்காரர் என்று சொல்லத் துணியமாட்டார்கள். பதிவில் தெளிவு போதாமை ஒரு குறைதான். தட்டு நன்றாக விலையாகவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்கத்திய வாலிபர்கள் அக்காலத்தில் யோகம், சமாதி, மோக்ஷம் முதலிய நம் நாட்டுச் சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். கடன் வாங்கியதைப்பற்றி நமக்கு வருத்தமில்லை. எந்தச் சாதனையை எத்தனையோ வருஷ நியமத்தாலும் புலனடக்கத்தாலும் பெற வேண்டுமென்று நம் பெரியோர்கள் விதித்தார்களோ, அதை ஒரு குளிகையை விழுங்கி ஒரே இரவில் பெற்றுவிடலாம் என்று அவர்கள் நினைத்ததுதான் பிழை. வாசலைத் திறந்து காட்டும் பொருள், திரும்பி வரும் வழியைக் காட்டுவதில்லை.

பொய்க் கரகோஷம்

தட்டுகளை வெளியிட்டது ஹூஸ்டன் நகரத்து "இண்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ்" என்ற சிறு கம்பெனி. 1968-ல் இக்கம்பெனி செய்த காரியம் வேடிக்கையானது. பழைய பதிவுகளில் ஒதுக்கி வைத்திருந்தவற்றை எடுத்து, அவற்றின்மேல் ஜனங்கள் கைதட்டும் ஓசையை ஒட்டி, மேடையில் நேரே பதிவானது என்ற பாவனையில் "லைவ்" என்று ஒரு தட்டை வெளியிட்டார்கள். வராத கூட்டம், தட்டாத கை, கேட்காத கரகோஷம்! விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தனர். பாடியவர்களுக்கோ, தங்கள் பாட்டுக்களால் கிடைத்த பணம் அதிகமாக வந்து சேரவில்லை.

மூன்றாவது உண்மையான தட்டு "புல் ஆப் தி வுட்ஸ்" என்பது 1969-ல் வெளிவந்தது. அதற்குள் குழு சிதறத் தொடங்கிவிட்டது. எரிக்ஸன் பாடிய பாட்டுக்கள் இதில் நான்கே. எஞ்சியவை பெரும்பாலும் ஸதர்லாண்டின் உழைப்பு. ஜாடியின் ஓசை அநேகமாக மறைந்துவிட்டது. சில பாட்டுக்களில் கொம்பு வாத்தியங்கள் சேர்க்கப்பட்டன. ஸதர்லாண்டின் கிடார், ஆளில்லாத வீட்டில் ஒருவர் தமக்குத் தாமே பேசிக்கொள்வதைப்போல் ஒலிக்கிறது. விமர்சகர்கள் பலர் இத்தட்டை அலட்சியம் செய்தார்கள். அது நியாயமன்று. கடைசியாக வரும் "மே தி சர்க்கிள் ரிமெயின் அன்ப்ரோக்கன்" என்ற சிறு பாட்டுக்காகவேனும் இதைக் கேட்க வேண்டும். வட்டம் உடையாதிருக்கட்டும் என்னும் பிரார்த்தனை அது. வட்டம் உடைந்து முடிந்த பிறகே அப்பாட்டு ஜனங்கள் காதில் விழுந்தது.

சட்டத்தின் கை

டெக்ஸாஸில் அக்காலத்தில் கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு முதல் தடவையிலேயே இரண்டு வருஷம் முதல் ஆயுள் வரையில் சிறை விதிக்கலாம். அளவு எவ்வளவு சிறியதாயினும் குற்றம் பெருங்குற்றமே. ஆச்சரியம் என்னவென்றால், இவர்களை உண்மையில் நிலைகுலையச் செய்த எல். எஸ். டி. மருந்தைச் சட்டம் வெகு தாமதமாகவே கவனித்தது. காலிபோர்னியா ராஜ்யம் 1966 அக்டோபரில் அதைத் தடுத்தது. அதை வைத்திருப்பதே குற்றமென்று மத்திய சர்க்கார் சட்டம் செய்தது 1968-ல்தான். இலைக்கு ஆயுள் தண்டனை, விஷக் குளிகைக்கு விடுமுறை என்பதுதான் 1966-ம் வருஷத் துவக்கத்தில் இருந்த நிலைமை.

போலீஸார் இக்குழுவின்மேல் ஆதி முதலே கண் வைத்திருந்தனர். 1966 ஜனவரியிலேயே ஒரு முறை கைது செய்தார்கள். அவ்வழக்கில் கடுந்தண்டனை எதுவும் நேராமல் தப்பினர். 1968-ல் ஸான் அண்டோனியோ நகரத்துக் கண்காட்சியில் பாட வந்த எரிக்ஸன், மேடையில் பொருளற்ற சொற்களைப் பேசத் தொடங்கினார். சித்தப்பிரமை என்று வைத்தியர்கள் கூறி, மூளைக்கு மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை அளித்தார்கள். அடுத்த வருஷம் சுருட்டு வழக்கு வந்தது. முதலில் ஆஸ்டின் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அங்கிருந்து அவர் பல முறை தப்பியோடினார். ஆகவே, ரஸ்க் என்ற ஊரிலுள்ள கடுங்காவல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். கொலை செய்தவர்கள் வசித்த இடம் அது. அங்கேயும் மின்சாரமும் கடும் மருந்துகளுமே சிகிச்சை.

அவ்விடத்திலும் அவர் பாட்டை விடவில்லை. உடனிருந்த கைதிகளைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். கவிதைகளும் எழுதினார், அவை "ஓப்பனர்ஸ்" என்ற சிறு புஸ்தகமாக 1972-ல் வெளிவந்தன.

யார் பொறுப்பாளி?

சர்க்காரைக் குறைகூறுவது எளிது. அவ்வாலிபன் தானே லாகிரியைத் தேடிப் போய் அழிந்தானல்லவா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கைதாவதற்கு முன்னரே எரிக்ஸனுடைய புத்தி கலங்கத் தொடங்கிவிட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. லாகிரி வஸ்துக்களுக்கு நாம் எந்நாளும் ஆதரவாளரல்லர். டாமி ஹாலின் போதனைக்கு இரையானவர்களில் முதல்வர் எரிக்ஸன் என்பதும் மெய்யே.

ஆனால், நோய் கண்டவனுக்கு வேண்டியது வைத்தியன். அவன் வாசலில் போலீஸை நிறுத்திய சட்டம் எந்த நோயைத் தீர்த்தது? சிறைத் தண்டனை என்றால் முடிவு நாள் ஒன்று உண்டு. பைத்தியம் என்று முத்திரை குத்தி அடைத்தால், புத்தி தெளிந்தது என்று பிறர் சொல்லும் வரையில் முடிவே கிடையாது. காலவரம்பில்லாத காவல் எத்தன்மையது என்பதை அரசியல் அன்பர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. சிறைக்குப் பயந்து சொல்லப்பட்ட ஒரு வாதம், சிறையிலும் கொடிய இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது.

இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. 1973-ல் டெக்ஸாஸ் சட்டசபையார் தம் சட்டத்தைத் தாமே திருத்தினர். இரண்டு அவுன்ஸுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருப்பது சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டது. எரிக்ஸன் விடுதலையாகி ஒரு வருஷங்கூட நிறைவதற்குமுன் இது நடந்தது. தண்டனை மிகை என்பதை இயற்றியவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆயினும், கழிந்த வருஷங்களைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டசபைக்கும் அதிகாரமில்லை.

எஞ்சி நிற்பது

ஸதர்லாண்டு 1978-ல் தம் வீட்டில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். எரிக்ஸன் நெடுங்காலம் வறுமையிலும் மனக்கலக்கத்திலும் வாழ்ந்தார். ஆனால், பாட்டுக்கள் தம் வழியே பிரயாணம் செய்தன. லென்னி கே என்பவர் 1972-ல் தொகுத்த "நக்கெட்ஸ்" என்ற தொகுதியில் "யூ ஆர் கோன்னா மிஸ் மீ" இடம்பெற்றது. எரிக்ஸன் அடைபட்டிருந்த அதே காலத்தில் புதிய தலைமுறையினர் அவருடைய குரலைக் கேட்கத் தொடங்கினார்கள். 1990-ல் ஆர். ஈ. எம்., ஸீ ஸீ டாப் முதலிய புகழ்பெற்ற குழுக்கள் அவருடைய பாட்டுக்களைப் பாடி ஒரு காணிக்கைத் தட்டு வெளியிட்டன. 2001-ல் அவருடைய இளைய சகோதரர் ஸம்னர், கோர்ட்டு மூலம் பராமரிப்புப் பொறுப்பைப் பெற்று, முறையான வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார். 2005-ல் அவர் மீண்டும் மேடையேறினார். 2015-ல் ஆஸ்டினில் பழைய தோழர்கள் ஒன்றுகூடிப் பாடினர். அந்தத் திருவிழாவுக்கே "லெவிட்டேஷன்" என்று அவர்களுடைய இரண்டாவது தட்டின் பாட்டுப் பெயரை வைத்திருந்தார்கள். 2019 மே மாதம் 31-ந் தேதி எரிக்ஸன் தம் 71-வது வயதில் காலமானார்.

இவருடைய சரித்திரத்தில் நாம் பெரிதாக மதிப்பது ஸம்னரின் செய்கையை. மின்சாரமும், இரும்புக் கதவும், காலவரம்பற்ற காவலும் சாதிக்காததை, தகுந்த வைத்தியமும் ஒரு சகோதரனுடைய பொறுமையும் சில வருஷங்களில் சாதித்தன. லாகிரியை எதிர்ப்பவர்கள், எதிர்க்கும் முறையையும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளியைக் குற்றவாளியாக்கும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும், அதை ஒரு முறை எடுத்துப் படித்துப் பார்ப்பது சட்டம் இயற்றுவோரின் கடமை. மற்றவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: வாய்ப்புக் கிடைக்கும்பொழுது "ஈஸ்டர் எவ்ரிவேர்" தட்டை வைத்து, அந்த முதற்பாட்டை முழுவதும் கேளுங்கள். அதைப் பாடியபொழுது அவருக்கு வயது 20.